எங்கே பெருக்குவது, எங்கே பிரிப்பது? கூட்டுவட்டியில் தற்போதைய பெறுமதி

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன். கேட்டவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படிக்கும் தம்பி ஒருவர். கூட்டுவட்டிக் கணக்கில் தற்போதைய பெறுமதி (பிறகு வரும் தொகைக்கு இன்று என்ன பெறுமதி என்பது) கேட்டால் எங்கே பெருக்குவது, எங்கே பிரிப்பது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாராம். வீட்டிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. கோண்டாவிலில் உள்ள காணியை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் உறுதி எழுதும் அன்றே 60 லட்சம் தருகிறார். மற்றவர் கனடாவில் இருப்பவர்; இப்போது 20 லட்சம், 2 வருடத்தில் 25 லட்சம், 4 வருடத்தில் 25 லட்சம் என்கிறார். "எழுபதுதானே கூட" என்று அப்பா நிற்கிறார். எது சரி?

தம்பி, அப்பாவின் கணக்கில் பிழை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 20, 25, 25 மூன்றையும் அவர் நேரே கூட்டிவிட்டார். இன்று கையில் வரும் காசும் 4 வருடம் கழித்து வரும் காசும் கூட்டக்கூடிய காசுகள் அல்ல. 100 டொலரையும் 100 ரூபாவையும் சேர்த்து 200 என்று யாரும் சொல்வதில்லை. முதலில் ஒரு நாணயத்துக்கு மாற்றுவோம். அதேபோல எல்லாத் தொகையையும் முதலில் ஒரே திகதிக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றித் தருவதுதான் கூட்டுவட்டி. உங்கள் பரீட்சைக் கணக்கிலும் நடப்பது இதுவேதான். அதனால் சூத்திரத்தைப் பாடமாக்குவதற்கு முன் ஒரு கோடு கீறப் பழகுங்கள்.

கிடைக்கோடு ஒன்று. இடது முனையில் இன்று, அதாவது 0. அங்கிருந்து வலப்பக்கம் 1, 2, 3 என்று வருடங்கள். எந்தத் தொகை எந்த வருடத்தில் வருகிறதோ அந்த இடத்துக்கு மேலே அதை எழுதுங்கள். ஒரு தொகையை வலப்பக்கம் ஒரு வருடம் நகர்த்தினால் (1 + வட்டிவீதம்) ஆல் ஒருமுறை பெருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு வருடம் நகர்த்தினால் அதே எண்ணால் ஒருமுறை பிரிக்க வேண்டும். மூன்று வருடம் நகர்த்தினால் மூன்று முறை. "எங்கே பெருக்குவது, எங்கே பிரிப்பது" என்ற கேள்விக்கு முழுப் பதிலும் இவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இதே விஷயம் இப்படி இருக்கும்:

தற்போதைய பெறுமதி = எதிர்காலத் தொகை ÷ (1 + வட்டிவீதம்)^காலங்களின் எண்ணிக்கை

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். 3 வருடம் கழித்து உங்களுக்கு 500,000 ரூபா வேண்டும். வங்கி வருடத்துக்கு 8 வீதம் கூட்டுவட்டி தருகிறது. இன்று எவ்வளவு போட வேண்டும்? 500,000 கோட்டில் 3இல் இருக்கிறது. 0க்குக் கொண்டுவர வேண்டும். இடப்பக்கம் மூன்று அடி, அதாவது மூன்று முறை பிரித்தல்.

(1.08)³ = 1.259712
500,000 ÷ 1.259712 = 396,916 ரூபா

நம்பிக்கை வராவிட்டால் திரும்ப நடந்து பாருங்கள். 396,916 முதல் வருட முடிவில் 428,669 ஆகும், இரண்டாம் வருடம் 462,963, மூன்றாம் வருடம் 500,000. தற்போதைய பெறுமதிக் கணக்கு எதற்கும் இந்தத் திரும்ப நடக்கும் சோதனை உண்டு. பரீட்சையில் நேரம் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். பிழை விட்டால் அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் பிள்ளைகள் கனபேர் விடும் பிழை ஒன்று: பிரிப்பதற்குப் பதிலாக 8 வீதத்தைக் கழிப்பது. ஒவ்வொரு வருடமும் 8 வீதம் குறைத்தால் 500,000 × (0.92)³ = 389,344 வரும். அதை 8 வீதத்தில் மூன்று வருடம் வளர விட்டால் 490,461தான் கிடைக்கும். கிட்டத்தட்ட 9,500 ரூபா துண்டு விழும். காரணம் எளிது. வட்டி போடுவது சிறிய தொகையின் மேல், அதாவது இன்றைய முதலின் மேல். நீங்கள் கழிப்பதோ பெரிய தொகையின் 8 வீதத்தை. மத்திய வங்கி ஊடாக அரசாங்கம் விற்கும் திறைசேரி உண்டியலும் இதே விதியில்தான் ஓடுகிறது. 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. முகப்பெறுமதியை விடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வில் முகப்பெறுமதி முழுவதையும் பெறுவோம். ஒரு வருட உண்டியலுக்கு 8 வீதம் என்றால் 100 ரூபா முகப்பெறுமதிக்கு விலை 92 அல்ல, கிட்டத்தட்ட 92.59. 92.59இன் மேல் 8 வீதம் சேர்ந்தால்தான் 100 வரும்.

இன்னொரு பிழை, 3 × 8 = 24 என்று போட்டு 1.24ஆல் பிரிப்பது. அது எளிய வட்டி. கேள்வியில் கூட்டுவட்டி என்று இருக்கும்போது அதற்குப் புள்ளி விழாது.

எல்லாக் கணக்கும் "இன்று" என்ற திகதிக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை. இதை விளங்கிக்கொண்டால் கடினமான கேள்விகள் பாதி உடைந்துவிடும். ஒருவர் 1 வருடத்தில் 200,000, 3 வருடத்தில் 300,000 என இரண்டு கடன் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து 2ஆம் வருட முடிவில் ஒரே தடவையில் கட்டிவிடுகிறேன் என்கிறார். வட்டி 10 வீதம். எவ்வளவு கட்ட வேண்டும்? கோட்டில் 2ஐ வட்டமிடுங்கள். 200,000 வலப்பக்கம் ஒரு அடி நகர வேண்டும்: 200,000 × 1.1 = 220,000. 300,000 இடப்பக்கம் ஒரு அடி: 300,000 ÷ 1.1 = 272,727. இப்போது இரண்டும் ஒரே திகதியில் நிற்கின்றன, கூட்டலாம்: 492,727 ரூபா. ஒரே கணக்கில் பெருக்கலும் வருகிறது, பிரித்தலும் வருகிறது. சூத்திரத்தை மட்டும் பாடமாக்கியவர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார். கோடு கீறியவருக்கு இது சாதாரணம்.

இனி உங்கள் காணி. கனடாக்காரரின் மூன்று தொகையும் கோட்டில் 0, 2, 4 ஆகிய இடங்களில் இருக்கின்றன. 60 லட்சம் 0இல் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் 0க்குக் கொண்டுவருவோம். வீதத்தை 9 என்று எடுத்துக்கொள்கிறேன். ஏன் 9 என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தரும் 20 லட்சம்: அப்படியே 20.00
2 வருடத்தில் 25 லட்சம்: 25 ÷ 1.1881 = 21.04
4 வருடத்தில் 25 லட்சம்: 25 ÷ 1.41158 = 17.71
மொத்தம்: 58.75 லட்சம்

அப்பாவின் 70 லட்சம் இன்றைய காசில் 58 லட்சத்து 75 ஆயிரம். ரொக்கமாக 60 லட்சம் தருபவர் ஒன்றேகால் லட்சம் கூடத்தான் தருகிறார்.

ஆனால் இதோடு எழும்பிப் போய்விடாதீர்கள். பரீட்சையில் வீதத்தைக் கேள்வியிலேயே தந்துவிடுவார்கள். வீட்டுக் கணக்கில் அதை நாங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். முழுச் சிக்கலும் அந்தத் தெரிவில்தான். இதே மூன்று தொகைக்கும் 7 வீதம் போட்டால் 60.91 லட்சம், 8 வீதம் போட்டால் 59.81, 12 வீதம் போட்டால் 55.82. ஏறக்குறைய 7.8 வீதத்தில் இரண்டு பேரின் விலையும் சமன். ஆகவே அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி "60ஆ 70ஆ" என்பது அல்ல. "இன்று 60 லட்சமும் கையில் வந்தால் அதை எங்கே போடுவீர்கள், அது வருடம் எத்தனை வீதம் தரும்?" என்பதுதான். 7.8ஐ விடக் கூடத் தரும் இடம் இருந்தால் ரொக்கம். இல்லாவிட்டால் தவணைப் பக்கம் யோசிக்க இடமுண்டு.

நிலையான வைப்பில் போடுவதாக இருந்தால் வங்கி அறிவிக்கும் வீதத்தை அப்படியே எடுக்கக்கூடாது. வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக ஏறியது. வங்கி 8.5 வீதம் தருகிறது என்று வையுங்கள். வரி போகக் கையில் 7.65தான். அந்த வீதத்தில் கனடாக்காரரின் தொகை 60.19 லட்சம் ஆகிவிடுகிறது, அதாவது தராசு மற்றப் பக்கம் சரிகிறது. (வருமானம் வரி வரம்புக்குள் வராதவர்கள் பிரகடனம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். அவர்களுக்கு 8.5 என்றால் 8.5தான்.)

அப்படியானால் நான் ஏன் 9 போட்டேன்? வங்கி வைப்பும் ஒரு ஆளின் வாக்கும் ஒரே தரம் அல்ல. 4 வருடத்துக்குள் அவருக்கு அங்கே வேலை போகலாம், குடும்பத்தில் பிரச்சினை வரலாம், "பிறகு பார்ப்போம் அண்ணை" என்று இழுக்கலாம். அந்த ஆபத்துக்கு வைப்பு வட்டிக்கு மேலே ஒன்றோ இரண்டோ வீதம் சேர்ப்பது நியாயம். எவ்வளவு சேர்ப்பது என்பது ஆளைப் பொறுத்தது. சொந்த மச்சானுக்கு ஒன்று, தரகர் கூட்டி வந்தவருக்கு வேறு. நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன். அங்கேயும் இதைத்தான் செய்தோம். நல்ல ஈடு வைத்தவருக்கு வீதம் குறையும், வெறும் கையெழுத்தோடு வந்தவருக்குக் கூடும். அதனால் தவணைக்கு விற்பதென்றால் முழுக் காசும் வரும்வரை உறுதியை மாற்றாமல் வைத்திருப்பதா, அல்லது உறுதியை எழுதிக்கொடுத்து மிச்சக் காசுக்கு அதே காணியை ஈட்டுக்கு வாங்குவதா என்று நொத்தாரிசுவோடு முதலில் பேசுங்கள். ஈடு பலமாக இருந்தால் நீங்கள் போடும் வீதத்தையும் குறைக்கலாம்.

விலை பேசுவதற்கும் இந்தக் கணக்குக் கை கொடுக்கும். 9 வீதத்தில் அவரின் தொகை 60க்கு 1.2474 லட்சம் குறைவு. அந்தக் குறையைக் கடைசித் தவணையில் நிரப்பச் சொன்னால் அது 4 வருடம் வலப்பக்கம் நகர வேண்டும்: 1.2474 × 1.41158 = 1.76 லட்சம். எனவே "கடைசித் தவணை 25 இல்லை, 26 லட்சத்து 76 ஆயிரம்" என்று கேட்டால் இரண்டு பேரும் சமன். வாயில் வந்த ஒரு தொகையைக் கேட்டுவிட்டு இழுபறிப்படுவதை விட, இப்படிக் காரணத்தோடு ஒரு எண்ணைச் சொன்னால் மற்றவரும் யோசிப்பார்.

ஒப்பந்தத்தைக் கனடா டொலரில் எழுதலாமே என்று அவர் கேட்கக்கூடும். எழுதலாம். ஆனால் அப்போது டொலர்த் தொகைக்கு டொலர் வீதத்தைத்தான் போட வேண்டும், ரூபா வைப்பின் வீதத்தை அல்ல. ரூபா வட்டி எப்போதும் கூட நிற்பதற்கு, ரூபா தேய்ந்துபோகும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு காரணம். டொலர்த் தொகையை ரூபா வீதத்தால் பிரித்தால் அந்தத் தேய்வை இல்லாத இடத்தில் கழித்தவர் ஆவீர்கள்.

வீதம் ஒரு தடவை தெரிவு செய்தால் அப்படியே நிற்கும் பொருளும் அல்ல. 2021இல் ஊரில் நிலையான வைப்புக்கு 6 வீதம் அளவில் கிடைத்தது. அந்த வீதத்தில் 2 வருடம் கழித்து வரும் 10 லட்சத்தின் பெறுமதி 8.9 லட்சம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் இரண்டு கொள்கை வீதங்களையும் (வங்கிகள் அதனிடம் வைக்கும் வைப்புக்கு ஒன்று, அது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஒன்று) ஒரே அடியில் 7 புள்ளிகள் உயர்த்தி 13.5, 14.5 ஆக்கியது, அதே வருடம் வைப்பு வட்டி 20ஐத் தாண்டி ஓடியது, ஒரு வருடத் திறைசேரி உண்டியல் 30 வீதத்தை எட்டிப் பார்த்தது. 25 வீதம் போட்டால் அதே 10 லட்சம் 6.4 லட்சம்தான். காசைத் தருகிறேன் என்றவரின் வாக்கு மாறவில்லை, தொகை மாறவில்லை. பெறுமதியில் இரண்டரை லட்சம் போய்விட்டது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 2021இல் நீண்ட தவணைக்குக் காணி விற்றவர்களின் நிலையை இதை வைத்து நீங்களே ஊகிக்கலாம். பிறகு வீதங்கள் இறங்கின. 2024 நவம்பரில் மத்திய வங்கி ஒற்றைக் கொள்கை வீதத்துக்கு மாறி அதை 8 வீதத்தில் வைத்தது, 2025 மே மாதம் 7.75 ஆக்கியது. 4 வருடத் தவணை என்றால் இப்படியான ஒரு குலுக்கலும் நடுவில் வரலாம் என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

காணி என்றதும் ஒற்றியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்து எழுதப்பட்ட தேசவழமையிலேயே, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்திலேயே, உள்ள ஏற்பாடு இது. காசு கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகக் காணியை அனுபவித்து அதன் வருமானத்தை எடுப்பார். மீட்கும்போது கொடுத்த காசு மட்டும் திரும்பும். பழைய ஆட்கள் இதை "வட்டியில்லாக் கடன்" என்றுகூடச் சொல்வார்கள். கோட்டில் போட்டுப் பார்த்தால் வேறு கதை. 10 லட்சத்துக்கு ஒற்றி, 5 வருடத்தில் மீட்பு, காணி வருடம் செலவு போக 80,000 ரூபா தருகிறது, வீதம் 10 என்று வையுங்கள். காசு கொடுத்தவருக்கு 5ஆம் வருடம் திரும்பும் 10 லட்சத்தின் இன்றைய பெறுமதி 620,921. வருடம் 80,000 வீதம் ஐந்து வருட வருமானத்தின் பெறுமதி 303,263. இரண்டும் சேர்ந்து 924,184. கொடுத்ததோ 10 லட்சம். ஆகவே இந்த ஒற்றியில் காணிக்காரருக்குத்தான் ஆதாயம். காணி வருடம் 100,000 தந்தால் இரண்டு பக்கமும் சமன். அதற்கு மேலே தந்தால் காசு கொடுத்தவர் வென்றார். ஏலச்சீட்டில் கழிவு விட்டு முதலில் எடுப்பவர் செய்வதும் இதே கணக்கைத்தான், எழுதிப் பார்க்காமல்.

அடுத்தது வட்டி சேரும் இடைவெளி. பரீட்சையில் புள்ளி போகும் இடம் இது, ஆனால் விஷயம் சிறியது. "வருடத்துக்கு 12 வீதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும்" என்றால் கோட்டில் வருடத்தைக் குறிக்காதீர்கள், காலாண்டைக் குறியுங்கள். ஒரு அடிக்கு வீதம் 12 ÷ 4 = 3. 2 வருடம் என்றால் 8 அடி. 300,000 ரூபாவின் தற்போதைய பெறுமதி 300,000 ÷ (1.03)⁸ = 236,823. வருடத்துக்கு ஒருமுறை என்றால் 239,158. மாதத்துக்கு ஒருமுறை என்றால் 300,000 ÷ (1.01)²⁴ = 236,270. அடிக்கடி கூட்டினால் காசு வேகமாக வளரும், அதனால் இன்று போட வேண்டியது குறையும். விடை அந்தப் பக்கம் போகாவிட்டால் எங்கோ பிழை. வீதத்தை நாலால் பிரித்துவிட்டு அடிகளை நாலால் பெருக்க மறப்பதுதான் வழக்கமான பிழை.

ஊரில் கைமாற்றுக்குச் சொல்லும் "நூற்றுக்கு ரெண்டு வட்டி"யையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அது மாதத்துக்கு 2. கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் (1.02)¹² = 1.2682, வருடத்துக்கு 26.8 வீதம், 24 அல்ல. மூன்று வட்டி என்றால் 42.6 வீதம். மீற்றர் வட்டிக்காரரின் கணக்கை இங்கே போட்டால் தலை சுற்றும், விட்டுவிடுகிறேன்.

மாதாமாதமோ வருடாவருடமோ ஒரே தொகை வரும் கணக்குக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டத் தேவையில்லை. தொகையை இந்தக் காரணியால் பெருக்கினால் போதும்:

காரணி = [1 − 1 ÷ (1 + வீதம்)^தவணைகள்] ÷ வீதம்

மேலே ஒற்றியில் 80,000ஐ இப்படித்தான் கொண்டுவந்தேன். 10 வீதம், 5 வருடத்துக்குக் காரணி 3.7908. முதல் தவணை ஒரு அடி கழித்து வருகிறது என்பது இதில் அடக்கம். இன்றே முதல் தவணை என்றால் விடையை மேலும் ஒருமுறை (1 + வீதம்) ஆல் பெருக்குங்கள்.

இந்தக் காரணியின் உண்மையான பயன் லீசிங்கில் தெரியும். ஓட்டோ எடுக்க வந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் இருந்து, "வேற இடத்தில 12 வீதம்தானே சொல்லுறாங்கள், நீங்கள் மட்டும் ஏன் 18 கேக்கிறியள்?" என்று வாதாடினார். அவர் கொண்டுவந்த துண்டைப் பார்த்தேன். கடன் 600,000. 12 வீதப்படி மூன்று வருட வட்டி 216,000. மொத்தம் 816,000ஐ 36ஆல் பிரித்து மாதம் 22,667. கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மாதாமாதம் முதலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறார். முப்பதாவது மாதம் அவர் கையில் 600,000 இல்லை, மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது. வட்டியோ கடைசி மாதம்வரை 600,000 முழுவதற்கும் போடப்பட்டிருக்கிறது. பிளாட் ரேட் என்பது இதைத்தான். உண்மை வீதம் காண, 36 தவணையின் தற்போதைய பெறுமதி 600,000க்கு வரும் வீதத்தைத் தேட வேண்டும். மாதம் 1 வீதம் போட்டுப் பார்த்தால் 682,000ஐத் தாண்டுகிறது, கூடிவிட்டது. ஆகவே வீதம் இதைவிடப் பெரியது. 2 வீதத்தில் 577,700 அளவு, குறைந்துவிட்டது. 1.77 வீதத்தில் காரணி 26.456, பெறுமதி 599,680 அளவில் வந்து நிற்கிறது. மாதம் 1.77 என்றால் வருடத்துக்கு 21 வீதத்துக்கு மேல், வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 23 வீதத்தையும் தாண்டும். எங்கள் 18 குறைந்துசெல்லும் மீதிக்குப் போட்டது. துண்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டிய பிறகு அவர் கேட்டது நல்ல கேள்வி: "அப்ப ஏன் அண்ணை எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லக்கூடாது?" பதில் என்னிடம் இருக்கவில்லை. லீசிங் எடுக்கப் போகிறவர் வீதத்தைக் கேட்காமல் மாதத் தவணையையும் தவணைகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதுதான் புத்தி.

மிச்சம் பரீட்சைக்கு. வீதத்தைக் கேட்டால்: 250,000 ரூபா 4 வருடத்தில் 400,000 ஆனது என்றால் (1 + வீதம்)⁴ = 1.6. கல்குலேற்றர் இல்லாவிட்டாலும் பயமில்லை, நாலாம் மூலம் என்பது வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்: 1.6இன் வர்க்கமூலம் 1.2649, அதன் வர்க்கமூலம் 1.1247. வீதம் 12.47. காலத்தைக் கேட்டால் மடக்கை. 9 வீதத்தில் காசு இரட்டிக்க எத்தனை வருடம்? 2இன் மடக்கை 0.3010, 1.09இன் மடக்கை 0.0374, பிரித்தால் 8 வருடத்துக்குச் சற்றுக் கூட. 72ஐ வீதத்தால் பிரித்தாலும் 8 வரும். அது மனக்கணக்குக்கும் விடையைச் சரிபார்க்கவும் நல்லது, விடைத்தாளில் செய்கையாக எழுத அல்ல.

வீதம் நடுவில் மாறினால் சராசரி எடுக்காதீர்கள். முதல் 2 வருடம் 10 வீதம், அடுத்த 3 வருடம் 8 வீதம் என்றால் 5ஆம் வருடத்து 800,000ஐ முதலில் மூன்று முறை 1.08ஆலும் பிறகு இரண்டு முறை 1.1ஆலும் பிரிக்க வேண்டும்: 800,000 ÷ (1.259712 × 1.21) = 524,848. ஒவ்வொரு அடிக்கும் அந்த அடியின் வீதம்.

கடைசியாக, இடையில் சுருக்காதீர்கள். உங்கள் காணிக் கணக்கில் (1.09)⁴ஐ 1.41 என்று சுருக்கிவிட்டு 25 லட்சத்தைப் பிரித்தால் 1,773,050 வரும். முழு எண்ணால் பிரித்தால் 1,771,063. 1,987 ரூபா விலகுகிறது. 1.4116 என்று நாலு தசமதானம் வைத்தால் விலகல் 23 ரூபாதான். காரணியை நாலு தசமதானத்துக்குக் குறையாமல் கொண்டுபோய், இறுதி விடையை மட்டும் கிட்டிய ரூபாவுக்கு எழுதுங்கள்.